பொன்னம்மை அத்தைக்கு யார் தண்ணி ஊற்றுவது

எங்கள் கடை மலையாள நாட்டில், ஆரியசாலைக் கடைத்தெருவில். கருப்பட்டி, வெல்லம், சுக்கு, ஏலக்காய், எல்லாம் மொத்த விலை. வருகிறவர்களில் பாதிப் பேர் கல்யாணத்துக்கு வாங்குவார்கள், மீதிப் பேர் சாவுக்கு. இரண்டுக்கும் பாயசம் வேண்டுமே. வெல்லத்துக்கு வித்தியாசம் தெரியாது.

எதற்கு வாங்குகிறார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சாவு வீட்டுக்காரர் பேரம் பேசமாட்டார். என் அப்பா திரவியத்துக்கும் அது தெரியும். ஆனால் ‘சாவு’ என்ற வார்த்தையைக் கடைக்குள் அவர் சொல்லவே மாட்டார், எங்களையும் சொல்ல விடமாட்டார். யார் வந்தாலும் ஒரே கேள்விதான்: “விசேஷம் என்னைக்காக்கும்?”

வந்தவர் தலையைக் குனிந்துகொண்டு “வியாழக்கிழமை” என்பார். உடனே உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்.

“யாரு போனது? அம்மையா, அப்பனா?”

அது பொன்னம்மை அத்தை, அப்பாவுக்கு மூத்த அக்கா. அப்பா கண்ணை மூடிக்கொள்வார். அத்தை நிறுத்தமாட்டாள்.

“வயசென்ன? கஷ்டப்பட்டாரா?”

முதல் இரண்டு கேள்விக்கும் ஆள் சும்மா பதில் சொல்வார். மூன்றாவதில்தான் விழுவார். வெல்ல மூட்டைமேல் சாய்ந்துகொண்டு, எந்த ஆஸ்பத்திரி, எத்தனை குழாய், டாக்டர் என்ன சொன்னார், தம்பி எப்போது துபாயிலிருந்து வந்தான் என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். அத்தை சுத்தியலால் கருப்பட்டியில் ஒரு சில்லு தட்டி அவர் கையில் கொடுப்பாள். “வாயில போடு. காப்பி வருகு.” போகும்போது அந்த ஆள் கேட்டதைவிட ஒரு கிலோ அதிகமாக வாங்கிப்போவார். ‘விசேஷம்’ என்று அப்பா விற்றதைவிட ‘சாவு’ என்று அத்தை விற்றதுதான் அதிகம். இதை அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். பிளஸ் டூவில் நான் வாங்கிய கெமிஸ்ட்ரி மார்க்கை ஞாபகப்படுத்தினார்.

அத்தைக்கு அறுபத்து மூன்று வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்க வந்த ஒருத்தரை, வெல்லத்தில் கலப்படம் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டு, அவர் முழிக்கவும் எழுந்துபோய்விட்டாளாம். பிறகு கடைதான். சாயந்தரம் பருப்பு வடை இரண்டு, ராத்திரி மலையாளச் சானலில் சர்ச்சை, அதாவது விவாதம். அந்தச் சர்ச்சையில் நாலு பேர் பேசுவார்கள். ஐந்தாவது அத்தை. “எடோ, அவரைப் பேச விடுடா” என்று டிவிக்காரரை அதட்டுவாள். அவர் விட்டுவிட்டால், “ம், பயம் இருக்கு” என்பாள். வருஷத்துக்கு ஒரு தடவை கல்லாறு. பாறையில் உட்கார்ந்து ஆற்றில் காலைப் போட்டுக்கொண்டு புட்டும் கடலையும் தின்பாள். இதைவிட ஒரு மனுஷிக்கு வேறு என்ன வேண்டும் என்று கேட்பாள். நான் ஸ்கூட்டர் என்பேன். “உனக்கு வயசு வரலை” என்பாள், எனக்குப் பதினேழு முடிந்திருந்தும்.

போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் அத்தைக்கு நிமோனியா வந்தது. ஐசியுவில் வைத்துத் தொண்டையில் குழாய் போட்டார்கள். வாழ்க்கையில் முதல்தடவையாக அத்தை பேசாமல் கிடந்தாள். விரலால் காற்றில் என்னவோ எழுதினாளாம். ‘அம்மச்சி ஏதோ சாமி பெயர் எழுதுகிறார்’ என்று நினைத்து நர்ஸ் பக்கத்தில் ஒரு படத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அத்தை எழுதியது ‘சாயா’.

பிழைத்துக்கொண்டாள். நெஞ்சு மட்டும் பழையபடி இல்லை. இரண்டு மாடிப்படி ஏறினால் மூன்றாவதில் உட்கார்ந்து ஊரைத் திட்டுவாள். அதை ஓய்வு என்று சொல்லமாட்டாள்.

இந்த நேரத்தில்தான் டிவியில் அந்தச் சர்ச்சை வந்தது. தீராத நோயாளிக்குச் சாக உரிமை உண்டா, வெளிநாட்டில் சட்டம் வந்திருக்கிறதே, இங்கே வரவேண்டுமா என்று. வழக்கம்போல நாலு பேர் கத்தினார்கள். அதிசயமாக அத்தை கத்தவில்லை. மறுநாள் எங்கள் தெருவில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரைப் பார்க்க, வீடு வீடாக வந்து வலி தணிக்க மருந்து கொடுக்கும் பாலியேட்டிவ் நர்ஸ் ரோஸ் வந்தபோது, கடைவாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

“மோளே, நம்ம நாட்டில எப்படி?”

ரோஸ் சேச்சி நிதானமாகச் சொன்னார். ஊசி போட்டுக் கொல்வது நம் சட்டத்தில் கிடையாது. ஆனால் இனி தேறாது என்று டாக்டர்கள் முடிவு செய்துவிட்டால், மெஷினில் வைத்து இழுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி போதும். நமக்கு வாய் பேச முடியாதபோது நமக்காகப் பேச ஒருத்தர் பெயரையும் அதில் எழுதவேண்டும்.

“அதில என் தம்பி பேரை எழுது” என்றாள் அத்தை.

தம்பி தராசுப் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

“கடைக்குள்ள என்ன பேச்சுக்கா இது?”

“வெளியிலதான நிக்கேன்.”

“என் பேரை எழுதாதே. நான் ஒப்பு இடமாட்டேன்.”

“ஏம்லே?”

“குழாய் போட்டதாலதான நீ இன்னைக்கு வடை திங்குகே! அதையே வேண்டாம்னு எழுதப்போறியா?”

இது நியாயமான கேள்விதான். அத்தையும் அப்படித்தான் நினைத்தாள் போல. கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

“அன்னைக்கு நான் திரும்பி வர வழி இருந்தது. இன்னும் ஒரு நிமோனியா வந்தா அன்னைக்கும் போடட்டும், வேண்டாம்னா சொன்னேன்? வழி அடைஞ்சபிறகு போடாண்டாம்னு சொல்லுகேன். நம்ம அப்பாவுக்குப் போட்டாங்களே, அதுபோல.”

அப்பா தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். தராசில் இல்லாத சாமானை நிறுத்துக்கொண்டிருந்தார்.

வேறு யார் பெயரையாவது எழுதிக்கொள்ளலாமே என்று ரோஸ் சேச்சி சொல்லிப் பார்த்தார். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. “வேற ஆளைப் போட்டா, ஆஸ்பத்திரி வாசல்ல இவன் நின்னு அலறுவான். அலறுனா டாக்டர் பயந்து எல்லாக் குழாயையும் போட்டிருவாரு. இவன் சம்மதிக்கணும். இல்லேன்னா அது வெறும் பேப்பராக்கும்.”

அதன்பிறகு வீட்டில் பதினைந்து நாளைக்கு மேல் பனிப்போர். ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, “ஏட்டி ஆதிரா, உங்க அப்பன்கிட்ட ஊறுகாய் கேளு” என்பாள் அத்தை. “உங்க அத்தைகிட்ட முடிஞ்சுபோச்சுன்னு சொல்லு” என்பார் அப்பா. நான் இரண்டு பக்கமும் தப்பும் தவறுமாகச் சொன்னேன். ஊறுகாய் கேட்டால் மன்னிப்புக் கேட்டதாகச் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை.

எங்கள் தெரு வாசகசாலைச் செயலாளர் லிபின் அண்ணனுக்கு இது எப்படியோ காதில் விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் ‘கண்ணியமான மரணம்: சட்டம் வேண்டுமா, வேண்டாமா?’ என்று ஒரு சர்ச்சை வைத்து, பேனரும் கட்டிவிட்டார். வேண்டும் என்று பேச முதல் பெயர் பொன்னம்மை. அதைப் படித்துவிட்டு அப்பா நேராகப் போய், வேண்டாம் என்று பேசத் தன் பெயரைக் கொடுத்தார். ஒரே வீட்டிலிருந்து இரண்டு கட்சி. எங்கள் ஊர் அரசியலில் இது ஒன்றும் புதுசு இல்லை. மைக்செட் என் பொறுப்பு.

நல்ல கூட்டம். கட்லெட்டும் சாயாவும் உண்டு என்று நான்தான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். லிபின் அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை.

டிரஷரியில் ரிட்டயரான ஒரு சார் ஆரம்பித்தார். “சுவிட்சர்லாந்துக்குப் போனா நிம்மதியா அனுப்பி வைக்கிறாங்க.”

“விசா கிடைக்கிறதுக்குள்ள நாமளே போயிருவோம் சாரே” என்று பின்னாலிருந்து ஒருத்தர். எல்லாரும் சிரித்தார்கள்.

ஒரு அம்மா எழுந்தார். “சிரிக்காதீங்க. சட்டம் வந்தா முதல்ல யாரைப் போகச் சொல்லுவாங்க? என்னைப் போல மகன் வீட்டில தின்னுக்கிட்டுக் கிடக்கிறவளைத்தான். வாய் திறந்து சொல்லவேண்டாம், ஒரு பெருமூச்சு விட்டாப் போதும். நானே எழுதிக் கொடுத்திருவேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது. ரோஸ் சேச்சி எழுந்து, அந்தப் பயம் நியாயமானது, அதனால்தான் ஊசி வேறு, குழாய் வேறு என்று மறுபடி விளக்கினார். பாதிப் பேருக்குப் புரிந்தது. மீதிப் பேர் கட்லெட் எப்போது என்று என்னைப் பார்த்தார்கள்.

அத்தை பேசினாள். டிவியைப் பார்த்துக் கத்துகிற அத்தை இல்லை. “நான் சாகணும்னு கேக்கலை. எனக்கு அவசரமே கிடையாது. கடை இருக்கு, கல்லாறு இருக்கு. எங்க கடைக்கு வாறவங்ககிட்ட நான் கேப்பேன், கஷ்டப்பட்டாரான்னு. ஆமான்னு சொல்லுகவங்க ஒருத்தரும் வலியைச் சொல்லலை. பக்கத்தில ஆளில்லாம கிடந்தாருன்னு சொல்லுகாங்க. அவ்வளவுதான் நான் படிச்சது.”

பிறகு அப்பா. கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து காசிச் செம்பை எடுத்து மேசைமேல் வைத்தார். கட்டைவிரல் உயரம், வாயை ஈயம் வைத்து அடைத்தது. எங்கள் வீட்டுப் பூஜை அறையில் நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே இருக்கிறது. எங்கள் ஆட்களின் எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். யாராவது காசிக்குப் போனால் கங்கைத் தண்ணியை அடைத்து வாங்கி வருவார்கள். வீட்டில் ஒருத்தர் கிளம்பும் நேரம் உடைத்து, மகனோ உடன்பிறந்தவனோ வாயில் ஊற்றுவார்கள். அதுவரைக்கும் யாரும் தொடுவதில்லை.

“எங்க அப்பாவை ஐசியுல வச்சிருந்தப்போ,” என்றார் அப்பா, “தினமும் இதைக் கடைப்பையில போட்டுக்கிட்டு வாசல்ல நிப்பேன். உள்ள விடலை. இன்ஃபெக்‌ஷன் வருமாம். மூணு வாரத்துக்கு மேல. ஒருநாள் காப்பி குடிக்கப் போனேன், அந்த நேரத்தில...” அவருக்கு அந்த வார்த்தை வரவில்லை. கடை இல்லாத இடத்திலும் வரவில்லை. “இவ சொல்லுகா, மெஷினை நிறுத்துன்னு நான் போய்ச் சொல்லணுமாம். அப்பாவுக்குத் தண்ணியும் ஊத்தலை. அக்காவுக்கு மூச்சையும் நிறுத்தணுமா நான்? அது கொலைதான். சட்டம் என்ன சொன்னாலும் என் கைக்கு அது கொலைதான்.”

அப்பா அழுதுவிடுவார் போலிருந்தது. அப்படி யாராவது அழப்போனால் நான் ஏதாவது குறும்பு செய்துவிடுவேன், அது பழக்கம். செம்பை எடுத்து மைக் பக்கத்தில் வைத்துக் குலுக்கினேன். கங்கை களக் களக் என்று ஸ்பீக்கரில் கேட்டால் எல்லாரும் சிரிப்பார்கள், அப்பாவும் மூக்கைத் துடைத்துக்கொள்ளலாம்.

சத்தமே வரவில்லை.

இன்னும் ஓங்கிக் குலுக்கினேன். என் வளையல்தான் கேட்டது. அப்பா என் கையிலிருந்து செம்பைப் பிடுங்கிக் காதோரம் வைத்து ஆட்டினார். டிரஷரி சார் வாங்கி ஆட்டினார். ஈயத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை. எத்தனை வருஷமாகவோ கொஞ்சம் கொஞ்சமாக வற்றி, உள்ளே ஒரு சொட்டு இல்லை.

ஒருத்தர் சிரித்துவிட்டார். நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். அப்பா சிரிக்கவில்லை. “அன்னைக்கே வத்தியிருக்குமோ?” என்று கேட்டார், யாரிடம் என்று தெரியாமல். “வெறும் செம்பையா நான் தூக்கிக்கிட்டு நின்னேன்?”

அத்தை நாற்காலியைப் பிடித்து எழுந்து மெதுவாக வந்தாள். மைக் திறந்திருக்கிறது என்று நான் சைகை காட்டினேன். அவள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் மூடச் சொல்லியிருக்கமாட்டாள்.

“எலே, உள்ள விட்டிருந்தா அப்பா உன் கையைத்தான் பிடிச்சிருப்பாரு. தண்ணி இருக்கான்னு பாத்திருக்கமாட்டாரு.”

அப்பா செம்பைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டார்.

“நான் உன்னைக் குழாயைப் பிடுங்கவா சொன்னேன்? அது டாக்டருக்க வேலை. போட்டவரு எடுத்துக்கிடுவாரு. நீ அங்க போய் ஒண்ணே ஒண்ணு சொல்லணும்: எங்க அக்காவை நான் வீட்டுக்குக் கொண்டுபோறேன். அவ்வளவுதான். கொண்டுவந்து, பக்கத்தில இருந்து, நீ தண்ணி ஊத்து. ஊத்துகதுக்கு ஆள் வேணும்லா? அதுக்காக்கும் உன் பேரு.”

இது அத்தனையும் ஸ்பீக்கரில் தெருமுனைவரை கேட்டது. எதிர்ச் சாயாக்கடையில் கண்ணாடி டம்ளர் கழுவுகிற சத்தம்கூட நின்றுபோனதாக லிபின் அண்ணன் பிறகு சொன்னார். அவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.

சர்ச்சையில் யார் ஜெயித்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. மகன் வீட்டு அம்மா மட்டும் போகும்போது அத்தையிடம், “எனக்கு அப்படிக் கொண்டுபோக ஆளில்லையே பொன்னம்மை” என்றார். அத்தை அவர் கையில் ரோஸ் சேச்சியின் நம்பரை எழுதினாள். கட்லெட் வரவில்லை என்று என்னைத் திட்டியவர்கள்தான் அதிகம்.

மறுநாள் காலை அப்பா கடை திறந்து, சாம்பிராணி காட்டி, ரொம்ப நேரம் வெல்லத்தை அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு திரும்பாமலேயே கேட்டார்.

“வீட்டுக்குக் கொண்டுவந்தா மூச்சுத் திணறுமே. நான் அதைப் பாத்துக்கிட்டு உக்காரணுமா?”

“ரோஸ் மருந்து தருவா. திணறாம இருக்க மருந்து உண்டாம். நீயே கேளு.”

கேட்டார். போனில் ரோஸ் சேச்சியை அரை மணி நேரம் கேட்டார். மருந்து பெயர், யார் கொடுப்பார், ராத்திரியில் கூப்பிட்டால் வருவாரா, எல்லாம். வெல்லம் வாங்கும்போதுகூட இவ்வளவு கேட்டதில்லை. போனை வைத்துவிட்டு, “என் பேரையே எழுது” என்றார். “ஆனா வீட்டுக்குக் கொண்டுவரணும், நான் ஊத்தணும், அதையும் சேர்த்து எழுது. வெறும் மெஷின் நிறுத்துக பேப்பர்ல நான் ஒப்பு இடமாட்டேன்.”

“எழுதியாச்சு” என்றாள் அத்தை. உண்மையாகவே எழுதியிருந்தாள். கடைசி வரி அதுதான்.

வஞ்சியூரில் நோட்டரி ஆபீஸுக்கு ஐந்து பேர் போனோம். லிபின் அண்ணனும் ரோஸ் சேச்சியும் சாட்சி. நான் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நோட்டரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, “என்ன டாக்குமென்ட்?” என்றார்.

அப்பா வாயைத் திறந்தார், மூடினார். “ஒரு விசேஷம்” என்றார்.

நோட்டரி பேப்பரைப் படித்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடி படித்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன். அத்தை போட்டபிறகு அப்பாவும் ஒப்புப் போட்டார். அவர் கையெழுத்து எப்போதும் ஒரு கோடு மாதிரிதான் இருக்கும். அன்றைக்கு முழுப் பெயரும் எழுதினார்.

வெளியே வந்ததும், காசிக்கு டிக்கெட் போடுவோம், இரண்டு பேரும் போய்த் தண்ணி கொண்டுவருவோம் என்றார் அப்பா.

“அவ்வளவு தூரம் ரயில்ல உக்கார எனக்கு மூச்சு பத்தாதுலே. கல்லாறு போதும்.”

“கல்லாத்துத் தண்ணியா? கடைசிக்கு?”

“நான் போறப்போ எனக்குப் பிடிச்ச தண்ணியை ஊத்து. கங்கையை நான் பாத்ததே இல்லை.”

சாட்சிகளை இறக்கிவிட்டு, வாடகைக் காரில் நாங்கள் மூன்று பேரும் கல்லாறு போனோம். செம்பின் வாயை ஆரியசாலைப் பாத்திரக்கடையில் முந்தின நாளே வெட்டித் திறந்து, திருகு மூடி போட்டு வாங்கியிருந்தார் அப்பா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓடுகிற தண்ணியாகப் பார்த்து நடு ஆறுவரை போனார். நான் கரையிலிருந்து, “அப்பா, பாம்பு!” என்றேன். “உன் கெமிஸ்ட்ரி மார்க்கைவிட நீளமா?” என்று கேட்டுவிட்டுச் செம்பை முக்கினார். சண்டை தொடங்கியபிறகு அவர் சொன்ன முதல் ஜோக் அது. மோசமான ஜோக்தான், ஆனாலும் நான் சிரித்தேன்.

அத்தை பாறையில் உட்கார்ந்து ஆற்றில் காலைப் போட்டிருந்தாள். வழியில் ஒரு கடையில் வாங்கிய புட்டு, கடலை, கூடவே பொரித்த காந்தாரி மிளகாய். அதில் ஒன்றைக் கடித்துவிட்டு முகமெல்லாம் சிவந்துபோனாள்.

“எலே, கொண்டா அதை.”

“எதை?”

“தண்ணிய! எரியுகு!”

“இது அதுக்கில்லைக்கா. பச்சைத் தண்ணி வேற, வயித்தால போகும்...”

“ஊத்துலே!”

அண்ணாந்து வாயைத் திறந்துவிட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் பாட்டிலில் கொண்டுவந்த தண்ணி பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. அப்பா குனிந்து, இடது கையால் அக்காவின் பின்னந்தலையைத் தாங்கிக்கொண்டு, செம்பைச் சரித்தார். கொஞ்சம் வாயில், கொஞ்சம் மூக்கில், மீதி சேலையில்.

அத்தை இருமி, தும்மி, கண்ணைத் துடைத்தாள். “இப்படியா ஊத்துவே? அன்னைக்கு இந்த லட்சணத்தில ஊத்துனா நான் எழுந்து உக்காந்து திட்டுவேன், பாத்துக்கோ. பழகிக்கிடு.”

“பழகிக்கிடுகேன்” என்றார் அப்பா.

காலிச் செம்பை எடுத்துக்கொண்டு மறுபடி ஆற்றில் இறங்கினார். அத்தை மிளகாய்த் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.